நாற்பது புத்தகம் பிடிக்கும் பெட்டி

படகில் ஏற்ற எனக்கு ஒரே ஒரு பெட்டி.
நாற்பது பிடிக்கும். தடித்த அட்டை என்றால் முப்பத்தொன்று.
மழை விட்ட பிறகு தேர்ந்தெடுக்கலாம் என்றிருந்தால்
சிலோயேத் தீவுகளில்
எந்தப் பிள்ளைக்கும் எந்தப் புத்தகமும் போய்ச் சேராது.

முதலில் முகர்ந்து பார்க்கிறேன்.
ஈரம் குடித்த பசை இரண்டாம் தீவிலேயே விட்டுவிடும்.
பிறகு முனையைக் கட்டைவிரலால் அழுத்துகிறேன்:
ஒரு வயதின் நான்கு பற்களைத் தாங்குமா?
அப்புறம்தான் கதை.
அதை நின்றுகொண்டு, உரக்க,
படகோட்டி எவரிஸ்தோவுக்கு வாசிக்கிறேன்.
என்ஜினை அணைக்காமலேதான் கேட்பார்.
மூன்றாம் பக்கத்தில் அவர் "அப்புறம்?" என்னாவிட்டால்
அந்தப் புத்தகம் கரையிலேயே நிற்கும்.

நீலக் கடல் உள்ளவற்றை எடுப்பதில்லை.
ஒருமுறை எடுத்துப்போய் மானம் போயிற்று.
"இது கடல் இல்லை, வாளி" என்றாள்
நான்கு வயது மாய்த்தே சிகுவாய்,
வாய் நிறைய ரொட்டியோடு.
புத்தி சொல்லும் முயல்களும் வேண்டாம்.
பகிர்ந்து உண்ணச் சொல்கிற முயலை
எட்டுப் பேர் ஒரு சட்டிக் கிழங்கு தின்னும் வீட்டுக்கு
எந்த முகத்தோடு கொண்டுபோவேன்?

எழுத்தே இல்லாத புத்தகம் ஒன்று.
தொலைந்த பூட்ஸை நாய் தேடுகிறது, அவ்வளவுதான்.
நகராட்சிக் கணக்கர் புரட்டிப் பார்த்துக் கேட்டார்:
"படிக்க ஒன்றுமில்லாததற்கு இத்தனை பேசோவா?"
நானும் அரை மனதாகத்தான் வைத்தேன்,
பெட்டியின் ஓரத்தில், இடம் அடைக்க.

மெச்சூக்கே துறையில் அதை எடுத்தவன் எலீசேர், ஐந்து வயது.
பதினைந்து நாளில் திரும்பி வரவில்லை.
அடுத்த நடையிலும் இல்லை.
மூன்றாம் நடையில் வந்தது,
விறகடுப்புப் புகை வாசனையோடும் ஒரு புகாரோடும்:
"டீச்சர் இதைத் தப்பாப் படிக்கிறாங்க."
எப்படி?
"பூட்ஸை நண்டு தூக்கிட்டுப் போனதை அவங்க சொல்லவே இல்லை.
அப்பா படிச்சா நண்டு வரும்.
வியாழக்கிழமைன்னா நண்டுக்குக் கல்யாணம்கூட நடக்கும்."

பின்னால் அபெலீனோ நின்றிருந்தார்,
சால்மன் கூண்டில் இரவு வேலை முடித்து,
உப்பில் வெடித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
"இனி எழுத்துள்ளதா ஒண்ணு," என்றார்.
"பெரிய எழுத்து. பக்கத்துக்கு ஒரு வரி போதும்.
பையனுக்குத்தான்."
சற்றுப் பொறுத்து,
"வீட்டில் வெளிச்சம் கம்மி."

இருட்டில் திரும்பும் படகிலிருந்து எண்ணியிருக்கிறேன்,
அந்த வீட்டு ஜன்னல்களில் மூன்று விளக்கு.
சரி என்றேன்.

அன்றிரவு கிடங்குத் தரையில் எல்லாவற்றையும் பரப்பினேன்.
"ஐந்து முதல் ஏழு வயது வரை" என்று அட்டையில் கண்டவை ஒரு பக்கம்.
முப்பத்து நான்கு வயதுக்கு யாரும் அச்சிடவில்லை.
"எவ்வளவு சுலபம்!" என்று பின்னட்டையில் கூவுபவை வேண்டாம்,
சுலபமில்லாதவன் கன்னத்தில் அது ஓர் அறை.
எழுதி வைத்துவிட்டு உச்சரிக்காமல் விடுவார்களே,
ஸ்பானிய மொழியின் அந்த ஊமை எழுத்து,
அது முதல் பக்கத்தில் கூடாது.
ஆனால் பையன் கொட்டாவி விடவும் கூடாது.
நண்டுக்குக் கல்யாணம் பார்த்தவன் அவன்.

விடிகிற நேரத்தில் ஒன்று அகப்பட்டது.
ஒரு கோழி கூட்டுக்குள் போக மறுக்கிறது.
மழை வருகிறது, மறுக்கிறது.
நரி வருகிறது, நரியிடமும் மறுக்கிறது.
பதினோரு பக்கத்துக்கு அது சொல்வது "நோ" மட்டும்.
அவர்கள் மொழியில் இரண்டே எழுத்து.
எவரிஸ்தோ இரண்டாம் பக்கத்திலேயே "அப்புறம்?" என்றார்.

துறையில் கொடுத்தேன். அங்கேயே பிரித்தார்.
அவர் விரல் சொல்லைவிட அகலம்,
வைத்ததும் சொல் மறைந்துவிட்டது.
விரலை எடுத்தார்.
வைத்தார். எடுத்தார்.
மகன் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான், நானோ மழையை.

"நோ," என்றார் அபெலீனோ.

"யாருகிட்ட சொல்லுது?" என்று ஓடிவந்தான் பையன்.
"பொறு, திருப்புறேன்."

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
இன்னும் நான்கு தீவு பாக்கி.
எவரிஸ்தோ கயிற்றை அவிழ்க்கவில்லை.