இருபத்து நான்கு முடிச்சு

எண்பத்து நாலு வோல்ட்டைத் தொடுமுன்
மோதிரத்தைக் கழற்று என்றான் நிக்கோலாஸ்.
காலி டீ கிளாஸில் போட்டேன்.
நாலு வருடத்தில் முதல் தடவை.
விரலில் வெளுத்த ஒரு வளையம் மட்டும் மிச்சம்.

கடலூர் முதுநகர்,
ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் எங்கள் ஷெட்.
செத்த லேப்டாப்புகளின் வயிற்றிலிருந்து
உருவிய செல்களை
ஏற்றி, இறக்கி, ஒரு வாரம் சும்மா போட்டு
மறுபடி அளந்தோம்.
இளைத்தவை தனிப் பெட்டிக்குப் போயின.
வரிசைக்கு இருபது.
அதில் ஒன்று பொய் சொன்னால்
மீதிப் பத்தொன்பதும் கடன் அடைக்கும்.
பகலில் சீட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான்;
எனக்கிது புதிதில்லை.

உப்புக்காற்று எல்லா இணைப்பையும்
நக்கிப் பார்த்தது.
மூன்றாம் நாளே செம்பில் பச்சை பூத்தது.
பிரித்து, துடைத்து, மெழுகடைத்து
மறுபடி பூட்டினோம்.

முதலில் வாங்கியது பிரேக்.
கையிலிருந்த காசு அதோடு சரி.
மோட்டார் வர இரண்டு மாதம் ஆனது.
வந்ததும் தன் அச்சையே முறுக்கிப்
பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்த்தது.
கால் அங்குல இரும்புத் தகடு வெட்டி
அதன் திமிரைச் சட்டத்தோடு கட்டினான் நிக்கோலாஸ்.

செம்மண்டலம் தாண்டி
மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் முற்றம்.
மீன்பிடிக் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு.
முப்பதில் வந்து பிடித்தேன்: ஆறு முடிச்சு.
அறுபதில் பிடித்தேன்.
பன்னிரண்டு என்று நினைத்திருந்தேன்,
இருபத்து நான்கில் நின்றது.
அசல் இரட்டித்தால் வட்டி நாலு மடங்கா?
எங்கள் முதலாளிகூட இப்படிக் கேட்டதில்லை.

தரையெல்லாம் சுண்ணக்கட்டிக் கோடுகள்.
வாட்ச்மேன் தனவேல் வந்து பார்த்து
“யாரும்மா செத்தது?” என்றார்.
“யாருமில்லண்ணே, அதுக்குத்தான் கோடு.”
அவர் நம்பவில்லை.
கோடுகளை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

பிறகு தண்ணீர் ஊற்றி ஒரு தடவை.
முப்பது முடிச்சுக் கயிறு தீர்ந்தது,
நான் தீரவில்லை.
எழுந்து பார்த்தால்
என் தலையில் எழுத வந்ததை
ஹெல்மெட்டில் கிறுக்கிவிட்டுப் படுத்திருந்தது தரை.

ஊருக்குள் இருபத்தைந்துதான்.
அதற்கு மேல் போகாதபடி ஒரு சுவிட்ச்;
சாவி நிக்கோலாஸிடம்.
சத்தமே போடாத வண்டி,
கூடைக்காரம்மா திரும்பிப் பார்க்க மாட்டாள்.
அதனால் மணி அடித்துக்கொண்டே
கெடிலம் பாலத்தில் போகிறேன்.
சாதாரண சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பெண்
எழுந்து நின்று மிதித்து
என்னை முந்திவிட்டு, திரும்பிச் சிரிக்கிறாள்.
சிரிக்கட்டும்.
அவள் பின்சக்கரத்துக்கும் எனக்கும் நடுவே
எத்தனை முடிச்சு என்று
எண்ணிக்கொண்டு வருகிறேன்.

மோதிரம் இன்னும் டீ கிளாஸில் கிடக்கிறது.
வேறு காரணம் ஒன்றுமில்லை,
நாளைக்கு இரண்டாவது பேட்டரி.