இரண்டு சென்டிமீட்டர்

சுருளை வெட்டித் தரச் சொன்னேன்.
சந்தியா பிச்சை வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
என்னை ஒருதரம், வண்டியை ஒருதரம் பார்த்தார்.
"வெட்டுன சுருள் பள்ளத்துல விழுந்தா
இடத்த விட்டு எகிறும். என் கடையில அது நடக்காது."
கோயமுத்தூரிலிருந்து
குட்டைச் சுருள் நான்கு
சாக்கில் சுற்றி பஸ்ஸில் வந்தன.

கழற்றிய பழைய சுருளில்
உச்சிப்புளி உப்பு
செதில் செதிலாகப் பூத்திருந்தது.
விரலில் தேய்த்து மோந்து பார்த்தேன்:
கருவாடு இல்லை, இரும்புதான்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துப் படிவத்தில்
மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கோடு.
பார்க்க நல்லாருக்கும் என்று எழுதக் கை வரவில்லை.
கச்சான் காற்று என்று எழுதினேன்.
பொய்யும் இல்லை.
ஆடி மாசம் பாம்பன் பாலத்து நடுவில்
என் பழைய எண்ணூறு
நான் சொல்வதைக் கேட்காமல்
வடகடல் பக்கம் முகத்தைத் திருப்பும்.

ஆய்வாளர் அம்மா மண்டியிட்டு அளந்தார்.
காக்கி முட்டியில் மண் ஒட்டியது; தட்டவில்லை.
முகப்பு விளக்கு தரையிலிருந்து எவ்வளவு,
முழுக்க ஒடித்தால் டயர் எங்கே உரசுகிறது,
தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் நடுவில் எவ்வளவு காற்று.
"பதினேழு இருந்தத மூணு இறக்கியிருக்கீங்க.
ரெண்டுன்னா கையெழுத்து."
ஒரு சென்டிமீட்டருக்காக
ரப்பர் வளையம் வைத்துத் திரும்ப ஏற்றி
மறு வியாழன் வரிசையில் நின்றேன்.
புத்தகத்தில் முத்திரை விழுந்த சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.

பதினைந்து. சட்டப்படி பதினைந்து.

சாலையை அளக்க அதற்கப்புறம்தான் தோன்றியது.
விடியக்காலை, நண்டுக் கம்பெனி திறக்குமுன்,
பள்ளிக்கூட அளவுகோலும் ஒரு நூலும்.
பள்ளிவாசல் முன்னால் பத்து.
மாதா கெபி முன்னால் பதினொன்று, ஒரு பக்கம் சரிந்து.
ஐஸ் பிளாண்ட் வாசலில் ஒன்பது;
போட்டவரே லாரிக்காரர்.
எதற்கும் மனு இல்லை, வெள்ளைக் கோடு இல்லை.
மண்டியிட்டு ஒருவரும் அளந்ததில்லை,
என்னைத் தவிர.

சவுக்குத் தோப்பு வளைவில் ஒன்று
பதினான்கு.
சாய்மானமே இல்லாமல் முட்டி மாதிரி நிற்கும்.
வெறும் வண்டி என்றால் ஒரு விரல் இடம் விட்டுத் தாண்டிவிடும்.
நான் வெறும் வண்டி ஓட்டுகிறவன் இல்லை.
பின்னால் நீலக்கால் நண்டு மூன்று பெட்டி, ஐஸோடு.
பக்கத்தில் ஜெய்த்தூன், ரசீதுப் புத்தகத்தோடு.
சுருளை மாற்றாமல், யாரிடமும் கேட்காமல்,
நண்டு இறக்கும் இன்னொரு மூன்று.

முதல் நாளே கீறியது.
சைலன்சர் கத்திய கத்தலில்
படுத்திருந்த ஆடுகள் எழுந்து ரோட்டைக் கடந்தன.
வாயில் வந்ததைச் சொன்னேன்.
எவன்டா போட்டது, அனுமதி இல்லாம.

ஜெய்த்தூன் ரசீதிலிருந்து தலை எடுக்கவில்லை.
"அந்தா, நீலக் கதவு வீட்டுக்காரங்க.
பையன் பந்து எடுக்க ஓடியாந்தான்.
நாப்பதாம் நாள் பாத்திஹா முடிஞ்ச ராத்திரி
மாமன் மச்சான்லாம் சேந்து சிமெண்ட் குழைச்சாங்க.
அளவெல்லாம் யாரு பாத்தா."

இன்னும் இரண்டு வளையம் வைத்து
ஏற்றித் தருகிறேன் என்றார் சந்தியா பிச்சை.
புத்தகத்தில் இருப்பதோடு ஒட்டாது,
மறுபடி படிவம், மறுபடி வியாழன்.
ஒரு காரணம் எழுத வேண்டியிருக்கும்.
வேண்டாம் என்றேன்.

அந்த வளைவில் இப்போது வண்டி நிற்கும்.
ஜெய்த்தூன் இறங்குவாள்.
ஒரு பெட்டியை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு
நடந்து கடப்பாள்.
நான் முதல் கியரில், கோணலாக,
ஒவ்வொரு சக்கரமாக.
நீலக் கதவில் நிற்கிற அம்மா
நாங்கள் திரும்ப ஏறும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

நேற்று இறங்கி வந்து
பெட்டியின் மறு காதைப் பிடித்துக்கொண்டார்.
உள்ளே நண்டுகள் தெர்மாகோலைச் சுரண்டின.
கிலோ என்ன போகுது என்று கேட்டார்.
ஜெய்த்தூன் சொன்னாள்.
குறைச்சல்தான் என்றார்.