பர்லியாறு வரை

முந்தின ராத்திரி ஏழு மணியோடு
தண்ணீரை நிறுத்திவிடுவேன்.
காலையில் டீ கிடையாது.
ஆலையில் முப்பத்தோரு வருஷம் டீத்தூள் சலித்தவள்
ஒரு மடக்குக்குப் பயந்து
குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.
உள்ளே நாலாய் மடித்த பழைய லுங்கித் துணி,
மேலே கருநீலச் சேலை.
கருநீலம் காட்டிக்கொடுக்காது.

பிரேக் போட்டால் போச்சு.
தும்மினால் போச்சு.
பக்கத்தில் உட்கார்ந்த ஜெபமணி டீச்சர்
ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்தாள்;
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
திமிர் என்று நினைத்திருப்பாள்.

மூணாவது கொண்டை ஊசி வளைவில்
அவள்தான் என் முழங்கையைப் பிடித்தாள்.
"பர்லியாறில் நிறுத்துவானா, கேளேன்.
எனக்குக் கேட்க வெட்கமாயிருக்கு."

கண்டக்டர்! என்று நான் போட்ட சத்தத்தில்
பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.
"ரெண்டு பொம்பளைங்க இறங்கணும்.
அவசரம்."

வரிசையில் நின்று
ஐந்து ரூபாய் சில்லறைக்கு
அவள் பையைத் தலைகீழாய்க் கவிழ்க்க,
மாத்திரை, ஜெபமாலை, மடித்த லுங்கித் துணி.
அதே கட்டம் போட்டது.

சிரித்துவிட்டேன்.
கொஞ்சம் நனைந்தது.

ஏறும்முன் ரெண்டு டீ சொன்னாள்.
பாதி குடித்தேன்.