விசேஷம் ஏதுமில்லை

நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயை
நானூற்றைம்பது என்றுதான் வீட்டில் சொன்னேன்.
ஒரே ஒரு சைபர் அளவுக்குப் பொய்.
திருச்சூரிலிருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள்
ஈரப்பாசி சுற்றி இரண்டே இலை,
அதிலும் ஒன்று ஓரம் கருகியது.
ஆந்தூரியம். மேற்கொண்டு நீளமாய் ஒரு பேர் உண்டு,
செந்தூரன் வாயில் அது நுழையாது.
அவனுக்கு அது "உன் வெல்வெட்டு".

அயனாவரத்தில் மேற்குப் பார்த்த இரண்டாம் மாடி.
ஏப்ரல் மூன்று மணிக்கு
ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாது.
கொளத்தூர் மீன் கடைகளில் அலைந்து
விரிசல் விட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று பிடித்தேன்.
"தண்ணி நிக்காதுக்கா" என்று
பாதி விலைக்குத் தந்தான் பையன்.
எனக்கு நிற்க வேண்டியது தண்ணீர் இல்லை,
காற்றில் இருக்கிற ஈரம்.

மண் ஆகாது அதற்கு.
தேங்காய் மட்டைத் துண்டு, மரப்பட்டை,
இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கிய கரி.
"எதுக்கும்மா, பல்லு விளக்கவா?"
நனைய வேண்டும், ஊறக் கூடாது.
வேருக்கும் மூச்சு முட்டும்.

லாரித் தண்ணீரில் மீட்டரை நனைத்தால்
எண்ணூற்று நாற்பது என்கிறது.
நான் வேலை பார்க்கிற டயாலிசிஸ் பிரிவில்
எப்போதும் ஒற்றை இலக்கம்,
ஊரார் ரத்தம் கழுவுகிற தண்ணீர் அல்லவா.
ஷிப்ட் முடிந்ததும் ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து
சாப்பாட்டுப் பைக்குள் ஒளித்து
பஸ் ஏறுவேன்.
திருட்டுத்தான்.
ஐப்பசி வந்தால் மொட்டைமாடியில் வாளி வைத்து
நல்லவளாகிவிடுவேன்.

எதிர்வீட்டு வேதவல்லி அக்கா
கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.
பூக்குமா?
பூக்கும், பூ மாதிரி இருக்காது.
காய்க்குமா?
ஒத்தைச் செடி, காய்க்காது.
கடைஞ்சு கிடைஞ்சு சாப்பிடலாமா?
சேம்பு வகைதான் அக்கா, ஆனா தொண்டை காறும்.
"அப்ப எதுக்கு?"
முருங்கை, வெற்றிலை, கறிவேப்பிலை, வாழை.
இலை என்று பிறந்தால்
ஏதாவது வேலைக்கு ஆக வேண்டும் இந்தத் தெருவில்.
மூச்சு விடாமல், குரலை மட்டும் இறக்கி,
"சரி, உன் பக்கம் ஏதாச்சும் விசேஷம்?"
என்றார்.
எட்டாவது வருஷம்.
தொட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் மூன்றாம் இலை.
செம்பு நிறத்தில், ஈர மினுக்கோடு
சுண்டுவிரல் நீளச் சுருள்.
பிரித்துவிடக் கை பரபரக்கும்.
தொட்டால் கிழியும்,
கிழிந்தால் கிழிந்ததுதான்,
இலைக்குத் தையல் போட முடியாது.
அன்று ராத்திரி கரண்ட் போனது.
நான் நைட் ஷிப்டில்.
விடிகாலை வந்தால்
செல்போன் வெளிச்சத்தைச் சுவரில் சாய்த்து
பனியன் தெப்பமாய் நனைய
அரைமணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தபடி
தரையில் உட்கார்ந்திருக்கிறான் செந்தூரன்.
"நானூத்தம்பது ரூபா செடிக்கா
இவ்வளவு பாடு?" என்றேன்.
"அந்த சைபரையும் சேர்த்துத்தான்" என்றான்.
பெட்டியோடு வந்த பில்லை
அவன்தான் கிழித்துப் போட்டிருக்கிறான்.

கார்த்திகை மழையில்,
யாரும் எதிர்பாராமல், பூத்தது.
பச்சையாய் ஒரு தண்டு, எலிவால் போல,
பின்னால் சுருங்கிய நாக்குப் போல ஒரு மடல்.
நான்காம் இலைக்குப் போக வேண்டிய சத்தையெல்லாம்
அது உறிஞ்சிக்கொண்டு நின்றது.
பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தேன், ஆஸ்பத்திரிப் பழக்கம்.
அவன் பக்கத்தில் நின்றான்.
ஏன் என்று கேட்கவில்லை.
அடியோடு ஒட்ட, ஒரே வெட்டு.

"பூத்துச்சாமே!"
வேதவல்லி அக்கா மறுநாள் படியேறி வந்தார்.
வெட்டிட்டேன் அக்கா.
"அடிப்பாவி, பூவையா?"
கையைக் கன்னத்தில் வைத்தவர்
எடுக்க மறந்து நின்றார்.
எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை,
காபி போட்டுக் கொடுத்தேன்.

தை பிறந்து நான்காம் இலை விரிந்தது.
கரும்பச்சையில் வெள்ளி நரம்புகள்,
கன்றுக்குட்டிக் காது போல மெத்து.
ஸ்கேல் வைத்து அளந்து
தினசரிக் காலண்டர் தாளில்,
சுபமுகூர்த்தம் என்று அச்சடித்த இடத்துக்குக் கீழே
எழுதினேன்:
இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
இடது ஓரம் சிறு மடிப்பு.