பந்து வராத ஓட்டம்

கிளாக்ஸ்விக்கில் மழை மேலிருந்து வராது,
பக்கவாட்டில் அறையும்.
ஈர உள்சட்டைகளிலிருந்து பதினான்கு கருவிகளையும் பிடுங்கி
ரோய் மடிக்கணினியில் செருகுகிறான்.
ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு.

"மார்யுன் ஓடுவதே இல்லை" என்கிறார் பயிற்சியாளர் ஹானுஸ்.
"ஏழு கிலோமீட்டர்.
கோல்கீப்பரே ஐந்து ஓடுகிறாள்."
அட்டவணையில் அவள் வரிசை மட்டும் சிவப்பு.

ரோய் வாதாடவில்லை.
கம்பத்துக் கேமரா பிடித்ததையும் சேர்த்து
அறுபத்தெட்டாம் நிமிடத்தை மெல்ல நகர்த்துகிறான்.
எண் பதினொன்று, மஞ்சள் புள்ளி,
இடது ஓரத்துக்குத் தெறிக்கிறது.
பந்து அங்கே வரவில்லை.
வராதென்று அவளுக்குத் தெரியும்.
திருடனைத் துரத்துவதுபோல்
இரண்டு நீலப் புள்ளிகள் அவள் பின்னே.
அவை விட்டுப்போன நடுவில்
ஒரு வீட்டுமனை அளவு காலியிடம்.
அதில்தான் சோல்ரூன் நுழைந்தாள்.
கோல் அவள் பெயரில்.

இப்படி ஒன்பது ஓட்டம்.
எதற்கும் அட்டவணையில் கட்டம் இல்லை.

எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் நிற்கும்.
திரையிலும் அப்படித்தான்.
விடியற்காலை நான்கு மணிக்கு
மீன் ஆலையில் கத்தி பிடித்த விரல்கள்
அதில் எங்கே?

ஹானுஸ் கண்ணாடியைத் துடைக்கிறார்.
"இன்னொரு முறை போடு."

கதவு திறக்கிறது. தலை துவட்டியபடி மார்யுன்.
கார் சாவியை இங்கே வைத்தேனா என்று கேட்கிறாள்.
பிறகு திரையைப் பார்த்து,
"யாரது, பந்தே இல்லாமல் இப்படி ஓடுகிறாள்?"