நாற்பத்து மூன்று பேர்

ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.
அவ்வளவுதான் ஜெனோவாவின் குரல்:
"ஆமா அண்ணி, நான்தான் எடுத்தேன்.
பையன் வண்டிய சேட்டுகிட்டயிருந்து மீட்கணும்ல…
வச்சிடலாம்னுதான் இருந்தேன்."
அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.
பின்னால் குக்கர், மூன்றாவது விசில்.

போன் தானாகப் பதிந்துகொண்டது.
நான் அமுக்கவில்லை, சத்தியமாக
(சத்தியம் செய்யக் கூடாதென்று தெரியும்).

அன்பியத்துச் சீட்டில் ஆறாயிரம் குறைந்தது.
நோட்டில் இருப்பது என் கையெழுத்து.
மூன்று வாரமாய், தண்ணீர் லாரி வரிசையில்
என் குடம் வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது.
சிலுவைப் பாதையில் பத்தாம் நிலை
வருஷா வருஷம் நான் வாசிப்பது.
இந்த வெள்ளி என் பேரை அடித்துவிட்டு
வேறு பேர் எழுதியிருந்தார்கள்,
பச்சை மையில்.

ராத்திரி, ஹவுசிங் போர்டு மொட்டை மாடி.
எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் நகராமல் உறுமுகின்றன.
மணலிப் பக்கம் வானத்தில் அந்தத் தீ,
யாருக்கும் சோறு வேகாத தீ.
அன்பியம் குரூப்பைத் திறந்தேன்.
நாற்பத்து மூன்று பேர்.
பச்சை அம்புக்குறி. அதன் மேல் என் கட்டைவிரல்.

பொய் சொல்வானேன், ருசியாக இருந்தது.
ஒவ்வொரு டிக்காக நீலமாவதை
அனுப்பாமலே பார்த்தேன்.
ஜெனோவா வீட்டுக் கதவு
பத்து நாள் திறக்காததைப் பார்த்தேன்.
தவக்காலமென்று கவிச்சியை விட்டு முப்பது நாள்;
வறுத்த நெத்திலி வாசனை வந்தால்
தெருவை மாற்றி நடக்கிறேன்.
இதையும் விடணுமென்று
சாமியார் பட்டியலில் சொல்லவில்லையே.

பகலில் காசிமேட்டு ஐஸ் பாக்டரியில் பில் போடுகிறேன்.
விடிகாலை ஏற்றும் பார்
மத்தியானம் கூடை ஓட்டையில் சொட்டி முடிகிறது.
எதிரே அம்சாக்கா வஞ்சிரத்தைக் கீறி உப்பிடுகிறாள்.
உப்பு அப்போதைக்கு எரியும், அவள் கைவெடிப்பைக் கேட்டால் தெரியும்.
ஐப்பசி மழையிலும் மீனைக் காப்பது அதுதான்.

விரல் அங்கேயே இருந்தது.
வாய் மட்டும் பழக்கத்தில்
பத்தாம் நிலையை முணுமுணுத்தது.
ஆடை களையப்படும் நிலை.
ஊர் பார்க்க ஒருவரை நிறுத்தி
இருப்பதையும் உருவும் நிலை.
எத்தனை வருஷம் வாசித்திருக்கிறேன்,
உருவுகிற கை யாருடையதென்று
ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆண்டவரே என்றேன்.
அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.
அழித்தேன். புனிதை மாதிரியெல்லாம் இல்லை,
பல்லைக் கடித்துக்கொண்டு,
அவளை இரண்டு வார்த்தை திட்டிக்கொண்டு.
"நிரந்தரமாக அழிக்கவா?" என்று கேட்டது போன்.
நிரந்தரம்.
கோயிலில் அதை நித்தியம் என்பார்கள்.
நிறைய யோசிக்காமல் ஆமென்று அமுக்கினேன்.

கீழே வந்து அமலநாதனிடம் சொன்னேன்.
"பைத்தியமா உனக்கு?
என் தங்கச்சின்னா என்ன, கள்ளி கள்ளிதான்"
என்று திரும்பிப் படுத்தார்.
எனக்கும் தூக்கம் வரவில்லை.
வானவர் யாரும் வரவில்லை.
நாலரைக்குத் தண்ணீர் லாரி வந்தது.
என் குடத்தைக் கண்டதும்
பேச்சு வழக்கம்போல் நின்றது.
மூன்று நாள் அந்த ருசி நாக்கில் இருந்தது,
நான்காம் நாள் தேடினேன், இல்லை.

ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம்
முன் பெஞ்சிலிருந்து ஜெனோவா திரும்பினாள்.
என் கையில் என்ன இருக்கிறதென்று பயந்த கண்.
கும்பிட்ட கையில்
மோதிரம் கிடந்த இடம் வெளிறிக் கிடந்தது.
ஏனென்று நான் கேட்கவில்லை.
நானும் கை கூப்பினேன்,
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே
ஒன்றும் இல்லாமல்.