பனிக்குடம்

இரண்டு மாத விடுப்பு.
ஹொரமாவில் அக்கா ரெஜினாவின் வீடு, நான்காவது மாடி,
போர்வெல் காற்று துப்பிய மார்ச்.

குடியிருப்பின் வாட்ஸப் குழுவில்
விடிவதற்கு முன்பே சண்டை:
பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கரில்
பாதிதான் இறங்கியது என்கிறது 302.
ஞாயிற்றுக்கிழமை கார் கழுவியது யார் என்கிறது 104.
நான் ஒன்றும் எழுதுவதில்லை.
எழுத ஆரம்பித்தால்
ஒரு பிரசவத்துக்கு எத்தனை லிட்டர் என்று
எழுதிவிடுவேன்.

பெந்தியு முகாமில் இருபது.
கைக்கு, கருவிக்கு, தாய்க்கு,
அடுத்தவள் வந்து படுக்குமுன் தரைக்கு.
ஹொதெய்தாவில் பம்பு நின்ற வாரம் எட்டு;
ஓர் இரவு மட்டும் ஒன்றரை,
அதைப் பற்றி அறிக்கையில் எழுதியிருக்கிறேன்,
வேறெங்கும் சொன்னதில்லை.
பிள்ளைக்கென்று கணக்கில் எதுவும் கிடையாது.
அது தன் தண்ணீரோடு வருகிறது.

பாலுகாலியில், மூங்கில் தட்டிக்குப் பின்னால்,
ஃபானி, ஃபானி என்றாள் சேனுவாரா.
தாகம் போல என்று
குவளையை வாயருகே கொண்டுபோனேன்.
அந்த வலியிலும் சிரித்துவிட்டாள்.
நனைந்த துணியைத் தொட்டுக் காட்டினாள்.
குடம் உடைந்திருந்தது.
எங்கள் பாஷையில் அதற்குக் குடம் என்றுதான் பேர்
என்று சொல்லத் தோன்றியது,
சொல்ல வார்த்தை இல்லை.
குவளையை நானே குடித்தேன்.

இங்கே பின்பக்கம்,
முடியாத கட்டடம் ஒன்றின் காலடியில்
நீலத் தார்ப்பாய்க் கொட்டகை.
யாதகிரியிலிருந்து வந்த காவலாளி பசலிங்கப்பா,
அவன் மனைவி நிங்கவ்வா.
டேங்கர் குழாயின் கசிவுக்கு அவள் குடம் பிடிப்பதை
பால்கனியிலிருந்து பார்க்கிறேன்.
இடுப்பில் ஒன்று, அதற்கு முன்னால் இன்னொன்று.
முப்பத்தாறு வாரம்.
நேற்றைக்கு வயிறு இறங்கியிருக்கிறது.
நாலாம் மாடியிலிருந்தா அளக்கிறாய் என்றாள் அக்கா,
விடுப்பில் வந்தவள் விடுப்பில் இரேன்.

நான்கு பக்கெட் பிடித்து
தட்டுகளால் மூடிவைத்தேன்.
அக்கா மூன்று நாள் தலைக்குக் குளிக்கவில்லை,
ஏன் என்று கேட்கவுமில்லை.

இரவு இரண்டு மணிக்குக் கதவு.
‘மேடம், நீரு ஹோய்த்து.’
தண்ணீர் போய்விட்டதாம்.
வந்தால்தானே போவதற்கு என்று
தூக்கத்தில் எரிச்சலாக வந்தது.
பிறகு பசலிங்கப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.
இரண்டாவது முறை அதே தவறு.

சிமெண்ட் மூட்டையில் சாய்ந்து கிடந்தாள்.
தெரிந்த கன்னடமெல்லாம் வடிந்துபோய்
முக்காதே, இப்ப முக்காதே என்று
தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.
என் விரல்களைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்.
போன் அடித்தது:
‘ஆம்புலன்ஸ்ம்மா, பேக்கரி முக்குல நிக்கிறேன்.’
நிக்காதீங்க, உள்ள வாங்க.

அழைத்துப் பதினெட்டு நிமிடம்.
வண்டி வந்துவிடுகிற ஊரில்
இந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று
ஒரு கணம் தெரியவில்லை.
சிவப்பு விளக்கு திரும்பும்வரை
கையுறையோடு நின்றேன்.

கோஷா ஆஸ்பத்திரி. பெண். இரண்டு எண்ணூறு.
பக்கெட்டுகள் அப்படியே இருந்தன,
தட்டை எடுத்தால் என் முகம் நாலு.

ஐந்தரைக்கு டேங்கர் வந்தபோது
பால்கனியிலிருந்து பார்த்தேன்.
வரிசையில் நிங்கவ்வாவின் ஆரஞ்சுக் குடம்,
நேற்று இரவே வைத்துவிட்டுப் போனது.
பின்னால் நின்றவள்
தன் குடத்தை ஓரடி நகர்த்தும்போதெல்லாம்
அதையும் காலால்
மெதுவாக
முன்னே தள்ளிக்கொண்டிருந்தாள்.